வழி சொன்ன கவிதை

உருளைக்கிழங்கைக் குத்தி வாய்வரை கொண்டுபோன கிளைடின் கை பாதியில் நின்றது. ரேடியோவில் அவன் மனைவியின் பெயர் வந்தது. மீன் விலை, நாளைய காற்று, மூடுபனி எச்சரிக்கை எல்லாவற்றையும் சொல்லி முடித்த அறிவிப்பாளர், நிகழ்ச்சியில் இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சமிருப்பதாகவும், தலைநகர் செயின்ட் ஜான்ஸின் பத்திரிகை ஒன்றில் வந்திருக்கும் கவிதையை வாசிக்கப் போவதாகவும் சொன்னார். எழுதியவர் பிட்மன் கோவ் என்ற கடலோர ஊரைச் சேர்ந்த லியோனா கீப்பிங். லியோனா ரேடியோவை அணைக்க எழுந்தாள். கிளைட் கையிலிருந்த முள்கரண்டியாலேயே அவளை உட்காரச் சொன்னான்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவள் கவிதை எழுதுகிறாள் என்பது ஊருக்குத் தெரியாத விஷயமல்ல. தூரதேசத்தில் ஒருத்தருக்குச் சொந்தக்காரர் இருப்பதுபோல அது எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நண்டு ஆலைக்குப் போனவள். ஆலை ஓடும் மாதங்களில் நண்டுக் காலின் ஓட்டைப் பிரித்துக்கொண்டே மனசுக்குள் வரிகளை உருட்டுவாள். ஆலை மூடியதும் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவாள். சிறு பத்திரிகைகளில் வந்த அவள் கவிதைகளை யார் படித்தார்கள் என்று அவளுக்கே தெரியாது. அப்படி இருந்ததுதான் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. இப்போது ஊர் முழுக்க இரவுச் சாப்பாட்டு நேரம். எல்லா வீட்டிலும் இதே ரேடியோதான் பாடிக்கொண்டிருக்கும்.

அறிவிப்பாளர் நிதானமாக, நல்ல குரலில் வாசித்தார்.

*பிளந்த பாறையின் இடுக்கில்*
*கோபுரம் ஊசியாய் நிற்கும்போது,*
*தீவின் விளக்கு மலைத்தோளுக்கு மேலே*
*ஒற்றைக் கண்ணைத் திறக்கும்போது,*
*குனிந்து பார்.*
*சிவப்பில் காயாகி*
*தேன் நிறத்தில் கனிகிற பொன்*
*உன் காலடியில் இருக்கிறது.*

வாசித்து முடித்ததும், "என்ன கண் பாருங்கள் இவருக்கு" என்றார் அறிவிப்பாளர். பத்திரிகை ஆசிரியரும் அந்த ஊசியையும் கண்ணையும்தான் பாராட்டி எழுதியிருந்தார். லியோனாவுக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. மற்றவர் வாயில் கேட்கும்போது அது யாரோ எழுதியதுபோல, நன்றாகவே இருந்தது.

கிளைட் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். கடலோடு பிறந்து வளர்ந்தவன்.

"லியோனா" என்றான் மெதுவாக. "ரெண்டு அடையாளத்தையும் சொல்லிட்டியே."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கடலில் மீன் கிடக்கும் இடத்துக்குக் கல் நட்டு வைக்க முடியாது. கரையில் உள்ள இரண்டு பொருள்களை ஒன்றுக்கு நேராக ஒன்று வருகிற மாதிரி பார்த்துக்கொள்வார்கள். அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு. அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போட்டால் போதும், அப்பா காட்டிய இடத்தில் பிள்ளையின் தூண்டில் இறங்கும். லியோனாவின் அப்பாவும் அவளுக்கு அப்படித்தான் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அவளுக்குத் தெரிந்த பார்வையே அதுதான். ஒரு இடத்தை நினைத்தாலே எது எதற்கு நேரே நிற்கிறது என்றுதான் மனசில் வரும். செயின்ட் ஜான்ஸில் அதை உவமை என்றார்கள். பிட்மன் கோவ் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த ஆண்களும் பெண்களும் கண்ணை மூடித் தேவாலயக் கோபுரத்தைப் பாறை இடுக்கில் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்திருப்பார்கள்.

கவிதையில் வந்த பொன் பேக்காப்பிள் என்ற காட்டுப்பழம்; அது விளையும் அந்தச் சதுப்பு வினியுடையது. கிளைடின் அக்கா வினி, அவள் அம்மா, அம்மாவின் அம்மா என்று பெண்கள் வழியாக வந்தது. பேக்காப்பிள் ஒரு செடிக்கு ஒரு பழம்தான் விடும். வாளி நிறைய வேண்டுமென்றால் முதுகு ஒடியக் குனிய வேண்டும், அதுவும் செடி செறிந்த சதுப்பு தெரிந்திருந்தால்தான். அதனால் இந்தக் கரையில் யாரும் தங்கள் சதுப்பை வெளியே சொல்ல மாட்டார்கள். வினி பழம் பறிக்கப் போகிற நாளில் கல்லறைப் பக்கம் பூவோடு போவாள். வாளி மேல்கோட்டுக்குள் மறைந்திருக்கும். நிறைந்த வாளியோடு திரும்பும்போது யாராவது எதிரில் வந்தால், "இந்த வருஷம் சுத்தமா இல்ல, கண்ணு" என்பாள். எதிரில் வருகிறவளின் கோட்டும் முன்பக்கம் புடைத்திருக்கும். அவளும் "ஆமாம், இல்லவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவாள். லியோனா கல்யாணமாகி வந்து பல கோடைகள் கழிந்த பிறகுதான், ஒருநாள் ஒரு வார்த்தையும் சொல்லாமல், வினி அவளையும் கல்லறை வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த வாரக் கடைசியில் போவதாக இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் கனியட்டும் என்று வினிதான் தள்ளிப் போட்டிருந்தாள்.

போய்ப் பார்த்தபோது பாசியெல்லாம் ரப்பர் பூட்ஸ் தடமாக மிதிபட்டுக் கிடந்தது. செடிகளின் நுனியில் வெறும் காம்புதான். ஆரஞ்சுத் தோல் ஒன்றை யாரோ வீசியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் வரிசை தவறாமல், கரையிலிருந்து உள்ளே, சுத்தமாகப் பறித்திருந்தார்கள். யாரோ நன்றாகப் பறிக்கத் தெரிந்தவர்கள். வினி சதுப்பைச் சுற்றி நடந்தாள். ஒதுங்கிய இடத்தில் ஒரு கைப்பிடி அகப்பட்டது. அதில் ஒன்றை வாயில் போட்டு, விதையை நிதானமாக மென்றாள்.

"வினி" என்றாள் லியோனா.

"நானும் ரேடியோ கேட்டேன்" என்றாள் வினி. "கேட்கும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்கம்மா இருந்தா எவ்வளவு பெருமைப்பட்டிருப்பான்னு நினைச்சேன். அப்புறம்தான் யோசிச்சேன்." மீதிப் பழங்களைத் தரையிலேயே கொட்டினாள். "ஒரு அடையாளத்தோட நிறுத்தியிருக்கலாமே, பொண்ணே. கவிதைக்கு ஒண்ணு போதாதா?"

ஒன்று போதாது என்பதுதான் உண்மை. முதல் அடையாளத்தை மட்டும் வைத்திருந்தால் அது கவிதையாக ஆகியிருக்காது.

வினி கல்லறை வழியாகத் திரும்பவில்லை. நேர் வழியில் இறங்கி, ஊரின் நடுவே, கடைக்கு முன்னால், காலி வாளியைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தாள். ஊர் பார்த்தது. பின்னால் நடந்த லியோனாவால் அந்த வாளியைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வினி வரவில்லை.

அதுதான் லியோனாவை உண்மையில் உலுக்கியது. கவிதைகள் அவளிடமிருந்து தனியாகத் தபாலில் போகும், தனியாகத் திரும்பி வரும். நாவல் அப்படியல்ல. இரண்டு குளிர்காலமாக அவள் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். போர்க்காலத்தில் பட்டாளத்திலிருந்து ஓடிவந்த தம்பியை மலைக்குப் பின்னால் ஒரு மரக் குடிசையில் ஒளித்துவைத்து, ஊர் கண்ணில் படாமல் சோறு கொண்டுபோகும் ஹெஸ்டர் என்ற பெண்ணின் கதை. ஞாயிறு மதியம் உப்பு இறைச்சியும் முட்டைக்கோஸும் வெந்த வாசனை வீட்டைவிட்டுப் போவதற்குள் வினி வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்காருவாள். கையுறை பின்ன ஆரம்பிப்பாள். லியோனா அந்த வாரம் எழுதியதை வாசிப்பாள். வினி பாராட்ட மாட்டாள். ஊசிகளின் சத்தம் சீராக இருந்தால் சரி. எங்காவது சத்தம் நின்றால், கதை அங்கே உயிரோடிருக்கிறது. பின்னலின் கண்ணிகளை எண்ண ஆரம்பித்துவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதுதான். லியோனா எழுதும்போது அவள் காதில் அந்த ஊசிகள் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது உட்கார்ந்தால் ஒன்றும் கேட்கவில்லை. ஹெஸ்டர் ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கதவருகே நின்றபடி நின்றாள். லியோனா அவளை வாசல் தாண்ட வைக்க ஒவ்வொரு நாளும் முயன்றாள். அவள் காலெடுத்து வைக்கவில்லை.

கிளைடிடம் வாசித்துப் பார்த்தாள். அவன் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டான்.

"அந்தப் படகுல என்ன இன்ஜின்?"

"துடுப்புப் படகு கிளைட்."

"அப்போ அவளுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?" என்றான். அடுத்த பக்கத்தில் தூங்கிவிட்டான்.

ஊரோ அவளைக் கொண்டாடியது. கடை வைத்திருக்கும் செல்பி ஹைன்ஸ், அவள் வாங்கிய மாவைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னான்: "கவிதைன்னாலே எனக்கு ஆகாது, கண்ணு. பள்ளிக்கூடத்துல ஒரு எழுத்து புரிஞ்சதில்ல. உன்னுது ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது."

"சந்தோஷம் செல்பி" என்றாள் லியோனா, மேசையைப் பார்த்து.

"அடுத்தது மூஸ் மான் பத்தி எழுது. எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லிடு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அவர்களுக்குத் தாங்கள் திருடியதாகவே தோன்றவில்லை. ரேடியோவில் பொதுவில் சொன்ன இடம், பொதுவானதுதானே. அதோடு அவர்கள் நன்றியுள்ளவர்கள். லியோனாவின் பின்வாசலில் பேக்காப்பிள் ஜாம் புட்டிகள் வர ஆரம்பித்தன. பக்கத்து வீட்டு மெர்லீன் ஒன்று, பாதிரியார் வீட்டிலிருந்து ஒன்று, பெயர் எழுதாமல் சில. லியோனா அவற்றை ஜன்னல் பலகையில் வைத்தாள். வெயில் அடித்தால் சமையலறை முழுக்கத் தேன் நிறமாகும். அவளால் ஒரு புட்டியின் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி வினி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தூரத்து ஆல்பர்ட்டாவில் வேலை செய்யும் தன் இரண்டு மகன்களுக்கும் வினி வருஷா வருஷம் இதே ஜாம்தான் அனுப்புவாள். முதல் பனி விழும்வரை அவர்கள் திறக்க மாட்டார்கள்.

வினி பெட்டிக்குள் பார்த்தாள். "என் வீட்டுப் பழத்தை எனக்கே விருந்து வைக்க வந்தியா?"

"பசங்களுக்காவது அனுப்பு வினி."

"மெர்லீன் சக்கரை அள்ளிக் கொட்டுவா. பசங்களுக்கு அதைக் குடுக்கவா?" என்று கதவைச் சாத்தினாள். பெட்டி மட்டும் உள்ளே போயிருந்தது.

மன்னிப்பு கேட்பதில் பயனில்லை என்று லியோனாவுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டாகிவிட்டது. வினி அதை ஏற்றுக்கொண்டு ஓரமாக வைத்துவிட்டாள், வேண்டாத பரிசுப் பொருளைப்போல. நாவலை விட்டுவிடலாமா என்றுகூட லியோனா யோசித்தாள். கவிதை போதும். கவிதையில் யாரும் ரொட்டியோடு வாசலில் காத்து நிற்பதில்லை. ஆனால் ஹெஸ்டரை அங்கேயே விட்டுவிட மனசு வரவில்லை. உள்ளே மலைக்குப் பின்னால் தம்பி பசியோடு இருக்கிறான்.

செப்டம்பரில் நல்ல காற்று அடித்த ஒரு காலை. வினி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லியோனா வேலியருகே வந்து நின்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஹெஸ்டர் குளத்தோரப் பாதையில ரொட்டி எடுத்துட்டுப் போறா" என்றாள். "குளிர்காலம் பூரா. மாட்டிக்காம இருப்பாளா?"

வினியின் வாயில் துணிக் கவ்விகள் இருந்தன. ஒரு போர்வையைக் கயிற்றில் போட்டு, இழுத்து, ஓரத்தைச் சரி செய்தாள். இன்னொரு துணியை எடுத்து உதறினாள். பதில் வராது என்று லியோனா திரும்பிப் போகப் பார்த்தாள்.

வினி கவ்விகளைத் துப்பினாள். "மொத வாரமே மாட்டிக்குவா."

"ஏன்?"

"ஏனா? குளத்தோரம் பனி விழுந்தா தடம் தெரியாதா? அங்க என்ன வேலை அவளுக்கு? விறகு இல்ல, முயல் பொறி இல்ல. ஒரு பொம்பளை வேலையில்லாத இடத்துக்குத் தினம் போனா ஊரு சும்மா இருக்குமா?" காயும் போர்வையைச் சுற்றி நடந்து இந்தப் பக்கம் வந்தாள். "அவளுக்கு மலைக்கு அந்தாண்ட போக ஒரு சாக்கு வேணும். எல்லாருக்கும் தெரிஞ்ச சாக்கு. சலிச்சுப்போற சாக்கு. யாரும் கேக்கக்கூட மாட்டாங்க."

"கல்லறையா?"

"கல்லறைக்கு யாரு தினம் போவா? பைத்தியம்னுவாங்க." வினி யோசித்தாள். அவள் விரல்கள் இல்லாத ஊசிகளைத் தேடுவதுபோல அசைந்தன. "ஆடு. அவகிட்ட ஓடிப்போற ஆடு ஒண்ணு இருக்கணும். சனியன் புடிச்ச ஆடு. ஊரே சிரிக்கும், இதோ ஹெஸ்டர் ஆட்டைத் தேடிட்டு மறுபடியும் போறான்னு. அவளே அவிழ்த்து விடுவா."

லியோனா வேலியைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த ஹெஸ்டர் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பின்னால் ஒரு ஆட்டின் மணிச்சத்தம்கூடக் கேட்டது.

"உள்ள வா" என்றாள் வினி. "ஆனா ஒண்ணு. அந்தப் புஸ்தகத்துல இந்த ஊரு இருக்கக்கூடாது."

மேசையில் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு வினி ஊரை வரைந்து மாற்ற ஆரம்பித்தாள். முதலில் தேவாலயத்தைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் தூக்கி வைத்தாள். பிளந்த பாறையை ஒட்டவைத்து ஒரே பாறையாக்கினாள். குளத்தைக் குப்புறத் திருப்பினாள். "கல்லறைய கடல் பக்கம் போடு. யாருக்கும் அடையாளம் தெரியாது." லியோனாவுக்கு உடம்பு கூசியது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது ஒன்றுதான் தனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தவள். இப்படி நகர்த்தினால் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தாள்.

"பொய்தானே?" என்றாள் வினி. "ஹெஸ்டருன்னு ஒருத்தி இருந்தாளா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஆளே பொய்யா இருக்கா, கோயிலு மட்டும் நெசமா இருக்கணுமா?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது வேடிக்கையான ஒன்று நடந்தது. தேவாலயம் எதிர்க்கரைக்குப் போனதால் ஹெஸ்டரின் சமையலறைக்குக் காலை வெயில் கிடைத்தது. வெயில் வந்ததும் அவள் மேசையை ஜன்னலுக்கு நகர்த்தினாள். நகர்த்தியதால், எதிர்க்கரையிலிருந்து பாதிரியாரின் தாயால், அவள் எத்தனை ரொட்டி சுடுகிறாள் என்று எண்ண முடிந்தது. லியோனா இதை யோசித்து எழுதவில்லை. ஒரு கல்லை நகர்த்தினாள், ஊரே தானாகத் தன் இடத்தைத் தேடிக்கொண்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வெளியே வலை சரிசெய்துகொண்டிருந்த கிளைட் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனான். பார்த்ததை எழுதும்போது கிடைக்காத ஒரு திருட்டுச் சந்தோஷம் அதில் இருந்தது. இத்தனை நாள் அதை யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பின. வினி வந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பின்னினாள். ஒரே வித்தியாசம், இப்போது ஊசியை நிறுத்திவிட்டுச் சண்டை போட்டாள். ஆட்டுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றாள். தம்பி இருமக்கூடாது, இருமினால் காற்று எந்தப் பக்கம் என்று பார் என்றாள். சதுப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை. அது தீர்ந்துபோன விஷயமும் அல்ல. வினி டீக்குச் சர்க்கரை போடும்போது சில நாள் கை ஒரு கணம் தாமதிக்கும். லியோனா அதைப் பார்ப்பாள்.

அக்டோபரில் ஒரு சிக்கல் வந்தது. ஹெஸ்டர் மலைமுகட்டில் ஏறும்போது ஊர்க்காரர்கள் அவளை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? முகட்டில் நடக்கிறவளை வானத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால் கையில் சாப்பாட்டுப் பானை இருப்பது தெரியுமா, தெரியாதா? லியோனா தெரியும் என்றாள். வினி தெரியாது என்றாள். கிளைட் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்றான்.

"நீ இங்கயே உட்காந்து பாரு" என்று வினி எழுந்து பூட்ஸை மாட்டினாள். "நான் பானையோட போறேன். அந்தக் கல்லுக் குவியல் வரைக்கும் போயிட்டுக் கையைத் தூக்குவேன். அப்புறம் திரும்பி வந்துடுவேன்."

"இந்த வயசுல மலை ஏறணுமா வினி?"

"ஹெஸ்டருக்கு மட்டும் என்ன வயசு குறைஞ்சு போச்சாம்?"

ஜன்னலில் லியோனா பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பென்சில். வினி வேலியைத் தாண்டி, செம்மறிப் பாதையில் ஏறி, சிவந்துபோன புதர்களுக்குள் கொஞ்சம் மறைந்து, மறுபடி முகட்டில் வந்தாள். வானம் வெளுத்திருந்தது. அவளுடைய சின்ன கறுப்பு உருவம் தெரிந்தது, பானை தெரியவில்லை. வினி சொன்னதுதான் சரி. லியோனா அதைக் குறித்துக்கொண்டாள். கல்லுக் குவியலருகே உருவம் நின்றது. கை மேலே போனது. லியோனாவும் இங்கிருந்து கையைத் தூக்கினாள், அது வினிக்குத் தெரியாது என்று தெரிந்தும்.

வினி திரும்பவில்லை.

முகட்டிலேயே மேலும் நடந்தாள். வேகமாகவும் இல்லை, ஒளிந்தும் இல்லை. வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிற நடை. அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது. லியோனாவுக்குத் தெரிந்து அங்கே பாறையும் காற்றும்தான். வினி ஒருநாளும் அந்தத் திசையைப் பற்றிப் பேசியதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட. இந்த அக்டோபர் குளிரில் பனி பட்டு இனித்திருக்கும் சிவப்புப் பார்ட்ரிட்ஜ் பழங்கள் சில மேடுகளில் கம்பளம்போலக் கிடக்கும்; அந்த இடங்களையும் யாரும் வெளியே சொல்வதில்லை. வினியின் கையில் பானை வேறு இருக்கிறது.

இன்னும் சில அடி வைத்தால் வினி முகட்டிலிருந்து இறங்குவாள். எந்தப் பாறைக்கு இடது பக்கம், எந்த வளைந்த மரத்துக்கு நேரே என்று லியோனாவின் கண் ஏற்கனவே தேட ஆரம்பித்துவிட்டது. அது தானாகத் தேடும். அப்பா பழக்கிய கண்.

லியோனா எழுந்தாள். நாற்காலியைத் தூக்கித் திருப்பி, ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தாள். கெண்டி அடுப்பில் முனக ஆரம்பித்தது. எதிர்ச் சுவரில் வெள்ளை வண்ணம் தவிர ஒன்றும் இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு, பென்சிலை மடியில் வைத்து, வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.